பழுதா, சுமையா?

2012 ஜூலை 30, அதிகாலை 2 மணி 33 நிமிடம். மத்தியப் பிரதேசத்தின் பீனாவிலிருந்து குவாலியருக்குப் போகும் 400 கிலோவோல்ட் லைனில், ஒரு ரிலே தன் பிரேக்கரைத் திறக்கச் சொன்னது. பிரேக்கர் திறந்தது; லைன் துண்டிக்கப்பட்டது. சில நொடிகளுக்குள் டெல்லி இருண்டது. உத்தரப் பிரதேசம், பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர், சண்டிகர் என்று வட இந்தியா முழுக்கக் கரண்ட் போனது. ஏறக்குறைய 36,000 மெகாவாட் சுமை ஒரே வீச்சில் அறுந்து விழுந்தது.

பீனா–குவாலியர் லைனில் அப்போது எந்தப் பழுதும் இல்லை. கம்பி அறுந்து விழவில்லை, மரம் சாயவில்லை, மின்னல் தாக்கவில்லை. பின்னால் பதிவுக் கருவிகளின் தரவை எடுத்துப் பார்த்தபோது ஷார்ட் சர்க்யூட்டின் தடயம் எதுவும் தென்படவில்லை. லைன் தன் வழக்கத்தைவிட அதிகமான மின்சாரத்தைச் சுமந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சுமையை ரிலே பழுது என்று கணித்துவிட்டது.

மறுநாள், ஜூலை 31, பிற்பகல் 1 மணிக்கு அதே லைன் அதே காரணத்தால் மறுபடியும் ட்ரிப் ஆனது. இம்முறை வடக்கு, கிழக்கு, வடகிழக்கு என மூன்று பிராந்தியங்கள் ஒன்றாக விழுந்தன. சுமார் 48,000 மெகாவாட். பாதிக்கப்பட்டவர்கள் 60 கோடிப் பேருக்கும் மேல். அன்றைய தேதியில் உலக மக்கள்தொகையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. டெல்லி மெட்ரோ ரயில்கள் நின்ற இடத்திலேயே நின்றன. வழியெங்கும் நூற்றுக்கணக்கான ரயில்கள் அசையாமல் கிடந்தன. மேற்கு வங்கத்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் லிஃப்ட் இயங்காமல் தொழிலாளர்கள் பூமிக்கடியில் காத்திருந்தார்கள். இதைவிட அதிக மக்களைத் தொட்ட மின்தடை அதற்கு முன்னால் உலகில் நடந்ததில்லை.

ரிலே என்ற கருவியின் வேலையே பழுதையும் சுமையையும் பிரித்தறிவதுதான். அந்தப் பிரித்தறிதல் எவ்வளவு கடினமானது என்று புரிந்துகொண்டால், அந்த இரண்டு நாட்களும் புரிந்துவிடும். மின்சாரத்தில் பாதுகாப்பு என்று நாம் சொல்லும் அத்தனையும், தெருக்கம்பத்து எர்த் வரைக்கும், இதே கேள்வியின் வெவ்வேறு வடிவங்கள்தான் என்பதும் தெரிந்துவிடும்.

வீட்டிலுள்ள ஃப்யூஸ் ஒன்றை மட்டும்தான் கேட்கும்: கரண்ட் அளவுக்கு மேல் போகிறதா? நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளமுள்ள உயர் அழுத்த லைனுக்கு அந்த ஒரு கேள்வி போதாது. தொலைவில் நிகழும் பழுதின் கரண்ட், பக்கத்திலுள்ள நகரத்தின் மாலைநேரச் சுமையைவிடக் குறைவாகக்கூட இருக்கலாம். அதனால் பொறியாளர்கள் கரண்டோடு வோல்ட்டேஜையும் சேர்த்துப் பார்த்தார்கள். வோல்ட்டேஜைக் கரண்டால் வகுத்தால் ஓம் கணக்கில் ஓர் எண் கிடைக்கும். லைனின் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அது தோராயமாக 0.3 ஓம். ரிலே கணக்கிட்ட எண் 30 என்றால் பழுது ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது என்று பொருள். சப்ஸ்டேஷன் அறைக்குள் இருந்தபடியே, எங்கோ வயல்வெளியில் நடந்த பழுது எத்தனை கிலோமீட்டரில் என்று சொல்லிவிடும் இந்தக் கருவிக்குத் தொலைவு ரிலே என்று பெயர்.

தொலைவு ரிலே தன் பார்வையை மூன்று எல்லைகளாகப் பிரித்துக்கொள்ளும். முதல் எல்லை லைனின் சுமார் 80 சதவீதம். அதற்குள் பழுது என்றால் காத்திருப்பே கிடையாது, உடனே ட்ரிப். 400 கிலோவோல்ட் லைனில் பழுது தோன்றி அது அகற்றப்படுவதற்கு இந்திய விதிகள் தரும் அவகாசம் 100 மில்லிநொடி. ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு. இரண்டாம் எல்லை லைனின் மீதிப் பகுதியையும் அதற்கு அப்பால் கொஞ்சத்தையும் பார்க்கும். அரை நொடிக்குள் முடிவெடுக்கும். மூன்றாம் எல்லை அடுத்த லைனின் முழு நீளத்தையும் எட்டிப் பார்க்கும். அங்கே இருக்கும் ரிலேயோ பிரேக்கரோ தன் வேலையைச் செய்யத் தவறினால், சுமார் ஒரு நொடி காத்திருந்து, இது தன் பிரேக்கரைத் திறக்கும். மாற்று ஏற்பாடு. அடுத்தவர் தவறினால் நான் இருக்கிறேன் என்ற நல்ல நோக்கத்தோடு வைக்கப்பட்டது.

அந்த நல்ல நோக்கத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. எண்களில் பார்த்தால் எளிது. 400 கிலோவோல்ட் லைனில் ஒரு ஃபேஸின் வோல்ட்டேஜ் சுமார் 231 கிலோவோல்ட். 1,000 ஆம்பியர் ஓடினால் ரிலே பார்ப்பது 231 ஓம். பழுதின் எல்லைக்கு வெகு தூரத்தில், நிம்மதியான எண். இப்போது சுமை இரட்டிப்பாகி 2,000 ஆம்பியர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதிகக் கரண்ட் ஓடும் நீண்ட லைனில் வோல்ட்டேஜும் தளரும். 400 கிலோவோல்ட் 375 ஆக இறங்கி, ஃபேஸின் வோல்ட்டேஜும் அதே விகிதத்தில் குறைந்தது என்றால் ரிலே பார்ப்பது 108 ஓம்தான். நீளமான லைனையும் அடுத்த லைனையும் சேர்த்துக் காக்கும் மூன்றாம் எல்லை 120 ஓம் வரை நீண்டிருந்தால், சுமை அதற்குள் நுழைந்துவிடுகிறது. ரிலே ஒரு நொடி காத்திருக்கிறது. சுமை நகரவில்லை. ட்ரிப். இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். பீனா–குவாலியரில் நடந்ததின் சாரம் இதுவே. ரிலே பழுதாகவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட அமைப்பின்படி சரியாகவே நடந்தது.

அந்த லைனில் ஏன் அவ்வளவு சுமை? அந்த வாரம் மேற்கு மாநிலங்களில் மழை பெய்து பம்புசெட் சுமை குறைந்திருந்தது. அங்கே மின்சாரம் மிஞ்சியது. வடக்கில் பருவமழை தவறிப் புழுங்கியது. பஞ்சாப், ஹரியானா வயல்களில் பம்புகள் ஓடின, டெல்லியில் ஏசிகள் ஓடின. மேற்கிலிருந்து வடக்குக்கு மின்சாரம் பெருகி வந்தது. வருவதற்கான முக்கியப் பாதை பீனா–குவாலியர்–ஆக்ரா. அதன் இரண்டு சர்க்யூட்களில் ஒன்று, 765 கிலோவோல்ட்டுக்கு உயர்த்தும் பணிக்காக ஜூலை 28 முதல் நிறுத்தப்பட்டிருந்தது. வேறு பல லைன்களும் வெவ்வேறு காரணங்களால் அணைந்திருந்தன. மீதமிருந்த ஒரே சர்க்யூட் 1,000 மெகாவாட்டுக்கும் மேல் சுமந்தது. டெல்லி கட்வாரியா சராயிலுள்ள வட்டாரச் சுமை மேலாண்மை மையம், அதிகமாக எடுப்பதைக் குறைக்கும்படி மாநிலங்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. குறைந்தது போதவில்லை.

நாட்டில் மின்சாரம் போதாமல் இந்த மின்தடை வந்தது என்று அப்போது பரவலாகப் பேசப்பட்டது. விழுவதற்குச் சற்று முன்புவரை மின்தொகுப்பின் அதிர்வெண் அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள்தான் இருந்தது. மொத்தத்தில் உற்பத்தியும் தேவையும் ஓரளவு சமமாகவே இருந்தன, வழிதான் குறுகியிருந்தது.

அந்த ஒரு லைன் போனதும் என்ன ஆயிற்று? மேற்கிலிருந்து வடக்குக்குப் போக வேண்டிய மின்சாரம் கிழக்கு மாநிலங்களைச் சுற்றிக்கொண்டு போகத் தொடங்கியது. மின்தொகுப்பில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் ஜெனரேட்டர்கள் எல்லாம் ஒரே நுகத்தடியில் பூட்டிய மாடுகள் மாதிரி ஒரே வேகத்தில், ஒன்றுக்கொன்று சிறு கோண இடைவெளியோடு சுழல்பவை. பாதை நீளமானதும் அந்தக் கோணம் விரிந்தது. மேற்கின் ஜெனரேட்டர்கள் முந்தின, வடக்கின் ஜெனரேட்டர்கள் பின்தங்கின. லைன்களில் மின்சாரம் ஏறியிறங்கி ஊசலாடியது. இந்த ஊசலாட்டத்தின்போது லைனின் நடுவே ஓரிடத்தில் வோல்ட்டேஜ் ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கும். வோல்ட்டேஜ் குறைந்து கரண்ட் கூடினால் ரிலேயின் கண்ணுக்கு அது அச்சு அசலாக ஷார்ட் சர்க்யூட். லைன்கள் ஒன்றன்பின் ஒன்றாக ட்ரிப் ஆயின. முதல் நாள் அந்த ஊசலாட்டத்தின் மையம் வடக்குக்கும் கிழக்குக்கும் நடுவில் விழுந்தது. வடக்கு தனியாகப் பிரிந்து விழுந்தது. இரண்டாம் நாள் அது கிழக்குக்கும் மேற்குக்கும் நடுவில், கிழக்கின் ஓரத்தில் விழுந்தது. அதனால்தான் கிழக்கும் வடகிழக்கும் வடக்கோடு சேர்ந்து போயின. காரணம் ஒன்று, வெட்டுப்பட்ட இடம் வேறு.

மேற்கு இரண்டு நாளும் தப்பியது. தெற்கும் தப்பியது. தமிழ்நாட்டில் அந்த ஆண்டு தினசரி மின்வெட்டு மக்களை வாட்டிக்கொண்டிருந்தது உண்மை. ஆனால் இந்தப் பெருமின்தடை இங்கே வரவில்லை. காரணம், தென்னிந்திய மின்தொகுப்பு அப்போது மற்றவற்றோடு ஒரே சுழற்சியில் இணைந்திருக்கவில்லை. ஒடிசாவின் தால்சேரிலிருந்து கர்நாடகத்தின் கோலாருக்கு வரும் நேர்மின்னோட்ட லைன் போன்ற இணைப்புகள் வழியாக மட்டுமே மின்சாரம் வந்தது. நேர்மின்னோட்டத்துக்குக் கோணம் கிடையாது, ஊசலாட்டம் அதைக் கடந்து வராது. கிழக்கிலிருந்து வந்துகொண்டிருந்த மின்சாரம் நின்றதால் ஜூலை 31 அன்று தெற்கிலும் அதிர்வெண் சரிந்தது. அங்கிருந்த அதிர்வெண் ரிலேக்கள் ஓரளவு சுமையைக் கழற்றிவிட்டுத் தொகுப்பை நிமிர்த்தின. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத் தெற்கும் தேசியத் தொகுப்போடு ஒரே சுழற்சியில் இணைந்தது. அன்றிலிருந்து இந்த விஷயம் சென்னைக்காரருக்கும் மதுரைக்காரருக்கும் நேரடி விஷயம்.

தெற்கில் வேலை செய்த அந்த அதிர்வெண் ரிலேக்கள் வடக்கிலும் இருந்தன. உற்பத்தி திடீரென்று குறைந்தால் 50 ஹெர்ட்ஸ் சரியும். ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே போனதும் இவை தாமாகவே சில ஃபீடர்களை அணைக்க வேண்டும். சிலருக்குக் கரண்ட் போகும், எல்லோருக்கும் போகாது. வட மாநிலங்களில் இப்படிக் கழற்றிவிடச் சுமார் 10,000 மெகாவாட் ஏற்பாடு இருந்ததாகக் கணக்கு. கணக்கில் இருந்தது. தேவைப்பட்ட நொடியில் கிடைத்தது மிகக் குறைவு என்று விசாரணைக் குழு பதிவு செய்தது. எனக்கு இந்த மின்தடையில் பெரிய வருத்தம் பீனா ரிலேயைப் பற்றியது இல்லை, இதைப் பற்றியதுதான். பீனா ரிலே தன் அமைப்பின்படி நடந்தது. இங்கே, காகிதத்தில் இருந்த பாதுகாப்பு களத்தில் இல்லை.

மத்திய மின்சார ஆணையத்தின் தலைவர் ஏ.எஸ். பக்ஷி தலைமையிலான அந்தக் குழுவில் ஐ.ஐ.டி. கான்பூர் பேராசிரியர் எஸ்.சி. ஸ்ரீவாஸ்தவாவும் ஏ. வேலாயுதமும் இருந்தார்கள். இரண்டே வாரத்தில், ஆகஸ்ட் 16 அன்று அறிக்கை தந்தார்கள். ரிலே அமைப்புகளை வெளியாரைக் கொண்டு தணிக்கை செய்ய வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரைகளுள் ஒன்று. ஒவ்வொரு சப்ஸ்டேஷனின் பதிவுக் கருவியும் ஒரே கடிகாரத்தைப் பின்பற்ற வேண்டும் என்பதும் அவர்கள் வலியுறுத்தியது. சின்ன விஷயமாகத் தோன்றலாம். எது முதலில் ட்ரிப் ஆனது, எது அதன் விளைவு என்பதைச் சில மில்லிநொடி வித்தியாசத்தில் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்போது, கடிகாரம் தவறினால் காரணமே தவறிப்போகும்.

அந்த இருளில் டெல்லியின் ஒரு மூலையில் மட்டும் விளக்கு எரிந்தது. முதல் நாள் பதர்பூர் அனல்மின் நிலையத்தின் சில யூனிட்டுகள் அக்கம்பக்கத்து டெல்லிப் பகுதிகளில் சுமார் 250 மெகாவாட் சுமையோடு தனித்தீவாகப் பிரிந்து உயிரோடு நின்றன. நரோரா அணுமின் நிலையமும் தன் சொந்தத் தேவையை மட்டும் நிறைவேற்றிக்கொண்டு நின்றது. தொகுப்பு சரியும்போது, உற்பத்தியும் சுமையும் பொருந்தும் ஒரு பகுதியைச் சரியான கணத்தில் வெட்டித் தனியாக்குவதும் ரிலேக்களின் வேலைதான். பதர்பூர் நிலையம் மாசு காரணமாக 2018 அக்டோபரில் நிரந்தரமாக மூடப்பட்டது. டெல்லிக் காற்றுக்கு அது நல்லது. ஆனால் நகரத்துக்குள் நின்று தாங்கிய அந்த ஒரு நிலையத்தின் இடத்தை எது நிரப்பும் என்ற கேள்வி அதனோடு சேர்ந்தே வந்தது.

பீனாவில் நடந்தது புதியதும் இல்லை. 1965 நவம்பர் 9 மாலை, நயாகராவின் ஆடம் பெக் நீர்மின் நிலையத்தில் ஒரு மாற்றுப் பாதுகாப்பு ரிலே, டொரண்டோவை நோக்கிப் போகும் லைனின் சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டு ட்ரிப் செய்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வைத்த அமைப்பு அது. அதற்குள் சுமை வளர்ந்துவிட்டிருந்தது. நியூயார்க் நகரம் உட்பட மூன்று கோடிப் பேர் இருளில் மூழ்கினார்கள். 2003 ஆகஸ்ட் 14 அன்று ஒஹையோவில் ஒரு 345 கிலோவோல்ட் லைன், மூன்றாம் எல்லையில், பழுதில்லாமல் ட்ரிப் ஆனது. ஐந்து கோடிப் பேர். அதற்குப் பிறகு அமெரிக்காவில் தெளிவான விதி வந்தது: வோல்ட்டேஜ் 85 சதவீதத்துக்கு இறங்கி, கரண்ட் லைனின் திறனைப் போல் ஒன்றரை மடங்கு ஓடினாலும் ரிலே ட்ரிப் செய்யக் கூடாது. ஒன்பது ஆண்டுகள் கழித்து, உலகின் மறுபக்கத்தில், அதே மூன்றாம் எல்லை.

தீர்வு இருக்கிறது, அதுவும் இயற்பியலிலேயே இருக்கிறது. கரண்டும் வோல்ட்டேஜும் அலைகள். ஷார்ட் சர்க்யூட்டில் கரண்டின் அலை வோல்ட்டேஜ் அலைக்குப் பின்னால் 80 பாகைக்கும் மேல் பின்தங்கும், ஏனென்றால் அப்போது இருப்பது பெரும்பாலும் கம்பியின் தூண்டலே. நகரத்தின் சுமையில் அந்தப் பின்தங்கல் பெரும்பாலும் 30 பாகைக்குள். அளவு ஒன்றேயானாலும் கோணம் வேறு. இந்தக் கோணத்தைப் பார்த்து, சுமை வரக்கூடிய பகுதியை மட்டும் எல்லையிலிருந்து வெட்டி எடுத்துவிடலாம். இன்றைய டிஜிட்டல் ரிலேக்களில் இந்த வசதி இருக்கிறது. யாராவது அதைக் கணக்கிட்டு, அமைத்து, சுமை வளரும்போது மீண்டும் சரிபார்க்க வேண்டும்.

டெல்லிக்கு வரும் லைன்களுக்கு வேறொரு எதிரியும் உண்டு: பனிமூட்டம். டிசம்பர், ஜனவரி இரவுகளில் புழுதியும் புகையும் படிந்த பீங்கான் இன்சுலேட்டர்களின் மேல் ஈரம் ஒட்டும்போது, அந்த அழுக்குப் படலமே மின்கடத்தியாகிவிடும். பொறி ஓடும், பிறகு கம்பியிலிருந்து டவருக்குத் தீச்சுடர் மாதிரி மின்வில் பாயும். 2001 ஜனவரி 2 அன்று வட இந்தியத் தொகுப்பு முழுவதும் விழுந்தது அத்தகைய ஒரு பனிக்கால அதிகாலையில்தான். அதன் பிறகு இன்சுலேட்டர்களைக் கழுவுவதும், நீர் ஒட்டாத பாலிமர் இன்சுலேட்டர்களுக்கு மாற்றுவதும் வட இந்தியாவில் ஆண்டுதோறும் நடக்கும் வேலையாயின.

கம்பியிலிருந்து டவருக்குப் பாய்ந்த கரண்ட் எங்கே போகும்? மண்ணுக்குள் இறங்கி, சப்ஸ்டேஷனில் மண்ணோடு இணைத்திருக்கும் டிரான்ஸ்ஃபார்மரின் நியூட்ரல் வழியாகத் திரும்பும். அந்தத் திரும்பும் பாதை நல்லதாக இருந்தால்தான் பழுதின் கரண்ட் பெரிதாக இருக்கும், ரிலே தயங்காமல் அடையாளம் காணும். எர்த் என்பது கரண்டை மண்ணுக்குள் புதைத்து ஒழிக்கும் குழி என்று பலர் நினைக்கிறார்கள். அது பழுதை ரிலேயின் கண்ணுக்குத் தெரியவைக்கும் பாதை. சப்ஸ்டேஷன் தரைக்கடியில் வலைபோல் இரும்புப் பட்டைகளைப் புதைத்து, மேலே ஜல்லி பரப்பியிருப்பார்கள். பழுது நேரத்தில் அந்தத் தரையே ஆயிரக்கணக்கான வோல்ட் உயரும். அங்கே நடப்பவரின் இரண்டு பாதங்களுக்கு இடையே ஆபத்தான வோல்ட்டேஜ் வேறுபாடு வராமல் வலை காக்கிறது, உடலுக்குள் கரண்ட் ஏறாமல் ஜல்லி தடுக்கிறது.

மின்னலின் அலையை ரிலேயால் தடுக்க முடியாது. அது லைன் வழியே வந்து டிரான்ஸ்ஃபார்மரில் மோதுவது ஒரு நொடியின் மில்லியனில் சில பங்கில் முடிந்துவிடும். ரிலேயும் பிரேக்கரும் சேர்ந்து 100 மில்லிநொடி எடுக்கும். அங்கே காவல் நிற்பது லைட்னிங் அரெஸ்டர். டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் உயரமான தூண்போல் நிற்கும் அதன் உள்ளே துத்தநாக ஆக்சைடு வில்லைகள் அடுக்கப்பட்டிருக்கும். 1960களின் இறுதியில் ஜப்பானின் மட்சுஷிட்டா நிறுவனத்தில் மிச்சியோ மட்சுவோகா உருவாக்கிய பொருள் இது. வழக்கமான வோல்ட்டேஜில் அதனூடே ஓடுவது ஒரு மில்லிஆம்பியர் அளவுதான். வோல்ட்டேஜ் இரண்டு, மூன்று மடங்கானால் ஆயிரக்கணக்கான ஆம்பியரை மண்ணுக்கு விடும். அலை கடந்ததும் மீண்டும் மூடிக்கொள்ளும். பழுதா சுமையா என்ற தீர்ப்பை அந்த ஆக்சைடு படிகங்கள் ஒன்றையொன்று தொடும் ஓரங்களே வழங்கிவிடுகின்றன. அதன் எர்த் இணைப்பு சரியில்லை என்றால் மட்டும் எல்லாம் வீண்.

வீடுகளில் இப்போது சர்ஜ் பாதுகாப்புக் கருவிகள் வைக்கிறார்கள். மின்னல் அலைக்கு அவை உதவும். டிவியும் ஃபிரிஜ்ஜும் ஒரே நாளில் கருகுவதற்கு அடிக்கடி காரணமாவது வேறு: தெருவில் நியூட்ரல் அறுவது. அப்போது ஒரு ஃபேஸ் வீட்டுக்கு 240க்குப் பதிலாக 400 வோல்ட்டை நெருங்கி வந்து, நிமிடக்கணக்கில் நிற்கும். மில்லியனில் சில பங்கு நொடிக்காகச் செய்த கருவி அதைத் தாங்காது. அதற்கு வோல்ட்டேஜ் கூடினால் இணைப்பைத் துண்டிக்கும் தனி ரிலே வேண்டும்.

பழுதையும் சுமையையும் பிரிப்பது வரும் ஆண்டுகளில் இன்னும் கடினமாகப் போகிறது. டெல்லிக்கு வரும் மின்சாரத்தில் ராஜஸ்தான் பாலைவனத்துச் சூரிய மின்சாரத்தின் பங்கு வளர்கிறது. பழைய நிலக்கரி நிலையத்து ஜெனரேட்டர், பழுது வந்தால் தன் வழக்கமான கரண்டைப் போல் பல மடங்கைப் பாய்ச்சும். ரிலேக்கள் எல்லாம் அந்தப் பாய்ச்சலைப் பார்த்துப் பழகியவை. சூரிய மின்நிலையத்தின் இன்வெர்ட்டர் தன் உள்ளிருக்கும் சிலிக்கான் கருகிவிடாமல் இருக்க, வழக்கத்தைவிட ஒரு 10, 20 சதவீதம் மட்டுமே கூடுதலாகத் தரும். கோணத்தையும் அதன் மென்பொருளே தீர்மானிக்கும். பழுது, சுமையைப் போலவே தோற்றமளிக்கும்.

தெருவில் அந்த நிலை ஏற்கெனவே இருக்கிறது. 2023 ஜூன் 25 காலை, மழைநீர் தேங்கிய புது டெல்லி ரயில் நிலைய வாசலில் மின்கம்பத்தைத் தொட்ட ஒரு பெண் இறந்தார். 2024 ஜூலையில் டெல்லியின் படேல் நகரில், ஐ.ஏ.எஸ். தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஓர் இளைஞர், தண்ணீர் தேங்கிய தெருவில் இரும்புக் கேட்டைத் தொட்டு இறந்தார். இரண்டு இடங்களிலும் எந்த ஃப்யூஸும் அவர்களைக் காக்கவில்லை. காக்கவும் முடியாது.

கணக்கு இது. ஒரு கம்பத்துக்குள் ஒயரின் உறை கிழிந்து, ஃபேஸ் இரும்பைத் தொடுகிறது. கம்பத்தின் எர்த் தடை 10 ஓம், டிரான்ஸ்ஃபார்மர் எர்த் 1 ஓம் என்றால், 240 வோல்ட்டில் மண்ணுக்குள் ஓடும் கரண்ட் 22 ஆம்பியர். மூன்று ஏசி எடுக்கும் அளவு. 63 ஆம்பியர் ஃப்யூஸுக்கு அது சாதாரணச் சுமை. அது போகாது. கம்பமோ 220 வோல்ட்டை ஒட்டி நின்றுகொண்டே இருக்கும், மணிக்கணக்கில், நாள்கணக்கில். மழைநீரில் வெறுங்காலோடு நிற்பவர் கையை வைத்தால் அவர் உடலில் 200 மில்லிஆம்பியர் வரை ஓடலாம். இதயத்தின் துடிப்பைச் சிதைக்க அதில் ஒரு பகுதியே போதும். பீனாவில் ரிலே சுமையைப் பழுது என்று எடுத்துக்கொண்டது. இங்கே ஃப்யூஸ் பழுதைச் சுமை என்று எடுத்துக்கொள்கிறது. முன்னதில் இருட்டு. பின்னதில் உயிர்.

இதைப் பிரித்தறியும் கருவியும் இருக்கிறது. ஆர்.சி.சி.பி. கரண்ட் எவ்வளவு என்று அது பார்ப்பதே இல்லை. ஃபேஸில் போனதும் நியூட்ரலில் திரும்பியதும் சமமா என்று மட்டும் பார்க்கும். 30 மில்லிஆம்பியர் குறைந்தாலும் அது வேறு வழியாக, ஒருவேளை ஒரு மனித உடல் வழியாக, மண்ணுக்குப் போயிருக்கிறது என்று பொருள். 300 மில்லிநொடிக்குள் ட்ரிப். கசிவு பெரிதானால் இன்னும் வேகமாக. தெருவிளக்கு ஃபீடர் முழுவதற்கும் ஒரே ஒரு 30 மில்லிஆம்பியர் கருவி வைத்தால் வேறு சிக்கல்: நீண்ட கேபிள்களில் மழைக்காலத்தில் இயல்பாகவே சிறு கசிவுகள் சேர்ந்து, தெருவே அடிக்கடி இருண்டுபோகும், கடைசியில் யாராவது அந்தக் கருவியைச் சுற்றி நேராக ஒயர் போட்டுவிடுவார்கள். கம்பத்துக்குக் கம்பம் 30 மில்லிஆம்பியர், ஃபீடர் பெட்டியில் சற்றுத் தாமதத்தோடு 300 மில்லிஆம்பியர் என்று அடுக்கினால், பழுதுள்ள கம்பம் மட்டும் அணையும். 400 கிலோவோல்ட் லைனின் முதல் எல்லை, இரண்டாம் எல்லை என்று பார்த்த அதே ஏற்பாடுதான். குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட மின்இணைப்புகளுக்கு எர்த் கசிவுப் பாதுகாப்பை மத்திய மின்சார ஆணையத்தின் விதிகள் கட்டாயமாக்கியிருக்கின்றன. கம்பங்களுக்கும் தெருவோரப் பெட்டிகளுக்கும் அது வர வேண்டும். ஓர் உயிரோடு ஒப்பிட அந்தச் செலவு ஒன்றுமே இல்லை.

வீட்டு ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் என்று எழுதிய ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் கருவி ட்ரிப் ஆக வேண்டும். அது கருவி வேலை செய்கிறது என்பதை மட்டுமே காட்டும்; எர்த் ஒயர் நன்றாக இருக்கிறதா என்று காட்டாது. எர்த் குழியின் தடையை எர்த் டெஸ்டர் வைத்துத் தனியாக அளக்க வேண்டும். டெல்லியில் அதை அளக்கச் சரியான காலம் மே மாதக் கடைசி. மண் வறண்டு தடை உச்சத்தில் இருப்பது அப்போதுதான். முதல் மழையில் தெருவில் தண்ணீர் நிற்கும். மேல் மண் நனைந்துவிடும். ஆனால் எர்த் கம்பி புதைந்திருக்கும் இரண்டு, மூன்று மீட்டர் ஆழத்துக்கு ஈரம் இறங்க நாட்கள் ஆகும். பருவமழை முடிந்த அக்டோபரில் அளந்து ஏட்டில் எழுதி வைக்கும் எண், ஜூன் மாதத்து முதல் மழை நாளுக்குப் பொருந்தாது.